வலத்தோளில் காற்று

பெரிய பூநாரை நிற்கும்போது ஏறக்குறைய வெள்ளைப் பறவைதான். அதன் சிவப்பும் கறுப்பும் மடித்த இறக்கைக்குள் இருக்கின்றன. இறக்கை விரிந்தால்தான் வெளியே வரும். தனுஷ்கோடிக்குக் கேமராவோடு வருகிறவர்களில் பலர் இந்த ஒரு காரணத்துக்காகவே கூட்டத்தைக் கிளப்பிவிடுகிறார்கள். கைதட்டுவார்கள், சேற்றில் இறங்கி ஓடுவார்கள். ஆள் வைத்துக் கல்லெறியச் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன். படம் கிடைத்துவிடும். ஆனால் அதில் அத்தனை பறவையும் முதுகைக் காட்டிக்கொண்டு போகும். விரட்டியவனைவிட்டு விலகித்தானே பறக்கும்?

இந்தக் கரையில் இதையே தொழிலாகச் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பூநாரையை யாரும் எழுப்ப வேண்டியதில்லை. காற்று தெரிந்தால் போதும்.

ராமேசுவரம் தீவுக்கு வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள். ஐப்பசியில் வாடை தொடங்கினால் பெண்கடல் கொந்தளிக்கும், ஆண்கடல் படுத்திருக்கும். வைகாசிக்குமேல் கச்சான் பிடித்தால் தலைகீழ். எந்தப் பக்கம் வள்ளம் இறக்குவது என்பதைக் காற்றை வைத்து முடிவுசெய்கிற ஊர் இது. எந்தப் பக்கம் உட்காருவது என்பதை நானும் அப்படித்தான் முடிவுசெய்கிறேன்.

பறவை காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், எதிர்த்துத்தான் எழும்பும். பூநாரைக்கு உடல் கனம். காற்றுக்கு முகம்கொடுத்துத் தண்ணீரின்மேல் சில எட்டு ஓடியபிறகே கால் தூக்கும். உள்ளானும் ஆலாவும் ஓய்வெடுக்கும்போதுகூட, இறகு கலையாமலிருக்கக் காற்றைப் பார்த்தே நிற்கும். ஆகவே காற்று என் முதுகில் பட்டால் பறவையின் முகம் என் பக்கம் இருக்கும். அதோடு வெயிலும் முதுகில் விழ வேண்டும். இரண்டும் சேர்வது எப்போது? மார்கழிக் காலையில் வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது, சூரியன் தென்கிழக்கே எழுகிறது. மேற்கே பார்த்து உட்கார்ந்தால் வலத்தோளில் காற்று, இடத்தோளில் வெயில். ஆனி மாலையில் கச்சான் தென்மேற்கிலிருந்து அடிக்கிறது, சூரியன் வடமேற்கில் சாய்கிறது. கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் மறுபடியும் வலத்தோளில் காற்று, இடத்தோளில் வெயில். வாடைக் காலத்தில் காலை, கச்சான் காலத்தில் மாலை. தொழில் பழக வரும் பிள்ளைகளுக்கு லென்ஸைத் தொடுமுன் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

அப்படி உட்கார்ந்து காத்திருந்தால் பூநாரை தானாகவே எழும். கழுத்தைத் தொங்கவிட்டு, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, காலால் சேற்றை மிதித்துக் கலக்கி மேய்கிறவரை ஒன்றும் நடக்காது. பிறகு ஒன்று தலை தூக்கும், பக்கத்தில் நாலைந்து தூக்கும், வாத்துபோல ஒரு கசமுசப்புக் கிளம்பும், எல்லாம் ஒரே திசையில் நடக்க ஆரம்பிக்கும். அந்த நடை தொடங்கியதும் விரல் ஷட்டரில் இருக்க வேண்டும். இடம் மாறி இறங்கும்போது அவை முழு இறக்கையையும் விரித்து, காலை முன்னே நீட்டி, நேராக நம்மை நோக்கி வரும். விரட்டி எடுத்த எந்தப் படத்திலும் அந்தச் சிவப்பு இப்படி வராது.

தண்ணீரின் மட்டத்தையும் காற்றுதான் தீர்மானிக்கிறது. இங்கே ஏற்றவற்றம் ஒரு மீட்டரைத் தாண்டாது. வாடை இறுகினால் ஆழமில்லாத சதுப்பில் தண்ணீர் தள்ளிக்கொண்டு ஏறிவிடும். கரைவலைக்காரர் ஒருவரிடம், “அண்ணே, நாளைக்கும் இங்கயே நிக்குமா?” என்று கேட்டேன். “வாடை இறுகுதுல்ல தம்பி, தண்ணி ஏறிரும். குட்டிக் குருவியெல்லாம் மேட்டுக்கு வந்துரும். நெட்டக்கால் நிக்கும், முட்டுக்கு மேல போச்சுன்னா அதுவும் அங்கிட்டுப் போயிரும்” என்றார். மறுநாள் மேட்டு மணலில்தான் படுத்திருந்தேன்.

கானல் வேறு சங்கதி. வெயில் ஏறியதும் ஈரமணல்மேல் காற்று நெளியத் தொடங்கும். 600 எம்.எம். லென்ஸ் அந்த நெளிவையும் சேர்த்துப் பெரிதாக்கும். எத்தனை விலை கொடுத்த லென்ஸும் அங்கே உதவாது. தரையோடு படுத்து எடுப்பதெல்லாம் முதல் வெளிச்சத்தில் மட்டும். அதற்குப்பின் அகன்ற லென்ஸுக்கு மாறி, பறவையைச் சிறிதாகவும் உப்பு வெளியைப் பெரிதாகவும் எடுக்கலாம். எனக்கு அந்தப் படங்கள்தான் மேலும் பிடிக்கும், பத்திரிகைகள் குறைவாகவே கேட்டாலும். கருப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களைக் காட்டிய மா. கிருஷ்ணன், பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு கேமராவை அமைத்துக்கொண்டவர். கருவி பெரிதல்ல என்று யாராவது சொன்னால் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

2017இல் அரிச்சல்முனைவரை தார்ச்சாலை வந்தது. அதற்குமுன் மணலில் வேன் போகும் தூரம் இப்போது சில நிமிடம். கூட்டம் பெருகியது. 2025 ஜூனில் தனுஷ்கோடியில் சுமார் 524 ஹெக்டேர் பரப்பைப் பெரிய பூநாரை சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தபோது எனக்குப் பெரும் நிம்மதி. வலசை வந்த பறவைக்கு மேய்கிற நேரம்தான் திரும்பிப் போகிற பலம். ஒவ்வொரு தடவை கிளப்பும்போதும் அதிலிருந்துதான் எடுக்கிறோம்.

பூநாரையைவிட எனக்குக் கவலை மணலில் முட்டையிடும் உப்புக்கொத்தி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குஞ்சு பொரிக்கும் உப்புக்கொத்தியை 2023இல் ஆய்வாளர்கள் மறுபடியும் தனி இனமாகப் பிரித்து, அனுமன் பெயரைச் சூட்டினார்கள். அந்தப் பெயருக்குக் காரணம் நம் சேதுத் திட்டுகள்தாம். கூடு என்று ஒன்றுமில்லை, மணலில் ஒரு சிறு குழி. முட்டை மணல் நிறத்திலேயே புள்ளியிட்டிருக்கும், ஓர் எட்டு தூரத்திலும் கண்ணில் படாது. பங்குனி, சித்திரை வெயிலில் தாய் அதன்மேல் அடைகாப்பதைவிட நிழல்தான் கொடுக்கிறது. போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிரவைக்கிறது. நாம் நெருங்கினால் இறக்கை ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு ஓடிக் காட்டும். படத்துக்கு அருமையான காட்சி. அதை எடுத்துக்கொண்டு நாம் நிற்கிற நேரமெல்லாம் முட்டை கொதிமணலில் வேகிறது. அந்தப் படத்தை நான் எடுப்பதில்லை, எடுத்துத் தரச்சொல்லி வந்த வேலையையும் ஏற்பதில்லை.

வருகிறவர்கள் வாருங்கள். கோதண்டராமர் கோயில் பக்கம் வண்டியைச் சாலையிலேயே நிறுத்தி, கதவைத் திறக்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கி, அதன்மேல் மணல்பையை வைத்து லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள். நடந்து வருகிற ஆளைவிட நிற்கிற வண்டியைப் பறவை பொறுத்துக்கொள்ளும். பங்குனி பிறந்ததிலிருந்து கச்சான் அடங்கும்வரை வண்டியை மணலில் இறக்காதீர்கள். உப்புக்கொத்தியைக் கண்டால் இடத்தின் பெயரைப் படத்தோடு போடாதீர்கள்.