54 ரூபாய் வித்தியாசம்

என் மகள் வயிற்றுப் பேரன் பெங்களூரில் மொபைல் போன் வடிவமைக்கும் வேலையில் இருக்கிறான். சென்ற மாதம் ஒருநாள் இரவு பத்து மணிக்கு அழைத்தான். குரலே சரியில்லை.

"டெஸ்ட்ல போன் ஃபெயில் ஆயிடுச்சு தாத்தா. ஹார்மோனிக் அதிகமா வருது."

நான் பிரெஞ்சில் படித்தவன். 'அர்மோனிக்' என்று எங்கள் பௌதிக வாத்தியார் தந்தியை மீட்டிக் காட்டியது நினைவுக்கு வந்தது. தந்தி அதிர்ந்தால் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வுகளும் கூடவே எழும். வீணையில் அது இனிமை. போனில் அது குற்றம். 900 மெகாஹெர்ட்ஸில் பேசும் 2ஜி போன் 1800-லும் 2700-லும் கொஞ்சம் கசியும். போனின் உச்ச சக்தி 2 வாட். கசிவு 1 மைக்ரோவாட்டைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பிய விதி. அதாவது இருபது லட்சத்தில் ஒரு பங்கு! எங்கள் ஆடிட்காரர்கள்கூட இவ்வளவு கறாராக இருந்ததில்லை.

"பவர் ஆம்ப்ளிஃபயர் பகுதியைச் செஞ்சவர் மேலதான் தப்பு. நாளைக்கு மேலதிகாரிக்கு மெயில் போடப் போறேன்."

"அவர்தான்னு எப்படித் தெரியும்?"

கொஞ்சம் தயங்கினான். "கேபிள் மாட்டி அளந்தா சரியாத்தான் இருக்கு. ஆண்டெனாவோட சோதனை அறையில வெச்சாத்தான் ஏறுது."

அப்போதுதான் அவனுக்கு என் பழைய கதையைச் சொன்னேன். ஒரு மாதக் கணக்கில் 54 ரூபாய் உதைத்தது. காசாளர்தான் என்று முடிவு கட்டி, விளக்கம் கேட்டுக் கோப்பில் எழுதிவிட்டேன். மூன்றாம் நாள் பார்த்தால், 82 என்பதை 28 என்று பேரேட்டில் ஏற்றியிருந்தது நான். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்பது குமாஸ்தாவின் அரிச்சுவடி. அதைக்கூடப் பார்க்காமல் பேனாவை எடுத்துவிட்டேன். பிறகு அடித்துத் திருத்தினேன். ஆனாலும் அந்த மனிதர் ஓய்வு பெறும்வரை என்னோடு அலுவல் தவிர வேறு பேசவில்லை.

பேரன் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டான்.

நான்கு நாள் கழித்து அழைத்தான். ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 50 ஓம் சுமை வைத்தானாம். கசிவு காணாமல் போனது. ஆம்ப்ளிஃபயரிலிருந்தோ அதன் மூடியிலிருந்தோ நேராகக் கசிந்திருந்தால் அப்போதும் இருந்திருக்கும். ஆகவே ஆண்டெனா பக்கத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று, அங்கிருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்திருக்கிறான். ஒலிபெருக்கியின் உலோக மூடியைத் தரையிணைப்போடு சேர்க்கும் சின்ன ஸ்பிரிங் பட்டும் படாமலும் இருந்ததாம். அப்படித் தளர்வாகத் தொடும் உலோகம் டையோடு போல நடந்து, ஆண்டெனாவின் வீச்சை வாங்கி ஹார்மோனிக்காகத் திருப்பி விடுமாம். அந்த ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்தது என் பேரன்தான்!

"அந்த மெயில்?"

"அனுப்பலை தாத்தா. நான்தான்னு அவர்கிட்டயே சொல்லிட்டேன். சிரிச்சாரு. சேர்ந்து டீ குடிச்சோம்."

காசாளர் இப்போது இல்லை. அவரோடு நான் டீ குடித்ததே இல்லை.