கட்டுமரமும் அலைப்பலகையும்

தேவிபட்டினத்துக் கடற்கரையிலே முதிய கட்டுமரம் ஒன்றை யாம் விலைக்கு வாங்கியபொழுது, "விறகுக்கோ?" என வினவினார் பலர். ஏறிச் செலுத்துதற்கே வாங்கினோம்.

பழைய அலைப்பலகைகளைத் தேடிச் சேர்த்து, அவற்றின்மீதே அலையேறி மகிழ்வோர் மேனாடுகளிற் பலருளர். ஹவாய்த் தீவின் நீச்சல் வீரர் டியூக் கஹானமோக்கு ஆஸ்திரேலியா சென்றபொழுது, 1914-15இல் பைன் மரத்திற் செதுக்கி அலைமீது நின்றோட்டிய நெடும்பலகையைச் சிட்னி நகரின் பிரெஷ்வாட்டர் கடற்கரையில் இன்றும் போற்றிக் காக்கின்றனர்.

நம் கட்டுமரமும் அலையை வெல்லப் பிறந்ததே. இலேசான மரங்களைக் கயிற்றாற் பிணைத்தமையின், மேலேறும் நீர் இடைவெளி வழியே வடிந்துவிடும், நிறைந்து அமிழ்வதில்லை. சோழமண்டலக் கரையின் உடையும் அலைகளை அஃது ஊடறுத்தது இதனாலேயாம். அதன் பெயரையே ஆங்கிலரும் தம் மொழியிற் கொண்டனர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகவே, கட்டுமரங்கள் அருகின.

நிற்க. பலகையைச் சுவரிற் சாத்தி வைப்பினும் அது பலகையாகவே நிற்கும். கட்டுமரமோ கட்டினால் வாழ்வது. கரை சேர்ந்ததும் அவிழ்த்து உலர்த்தி, மீண்டும் பிணைத்தல் வேண்டும். பிணைக்கும் கையில்லையேல் எஞ்சுவன சில மரத்துண்டுகளே. ஆதலின், அலையடங்கிய இக்கடலோரத்தில், முதிய மீனவர் ஒருவரிடம் அம்முடிச்சுக்களைப் பயின்று வருகின்றோம். விடுமுறையில் வரும் மாணவ நண்பர்க்கு எம் மரத்தில் இடமுண்டு, கயிற்றிலும் வேலையுண்டு.