பாட்டிக்குப் பிடிக்காத பானம்

சீலியாக் நோய் உறுதியானதும் நான் விட வேண்டியவற்றின் பட்டியல் கைக்கு வந்தது. ரொட்டி சானாய், மீ கோரேங், பிஸ்கட் எனத் தொடங்கி பீரில் முடிந்தது. "கடைசியில இருக்குறது நல்லதுக்குத்தான்," என்றார் அம்மா. பீர் போனதற்காகத் துக்கம் விசாரிக்க யாரும் வர மாட்டார்கள். பெண் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் வெள்ளிக்கிழமை இரவு லவ் லேனில் நண்பர்கள் சூழ உட்கார்ந்து, நான் மட்டும் மினரல் வாட்டரைச் சுழற்றிக்கொண்டிருப்பது அலுப்பாகத்தான் இருந்தது.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம்தான் குளுட்டன். சீலியாக் உள்ளவர் அதைச் சாப்பிட்டால் உடலின் எதிர்ப்புச் சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்கும். 'கொஞ்சம்தானே' என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை. கூட்டுப் பெருங்காயத்தில்கூட கோதுமை மாவு இருக்கிறது. சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு. சார் குவே தியாவ் அரிசியில் செய்ததென்று நம்பிப் போய் உட்கார முடியாது.

பீரின் அடிப்படையே பார்லி. அதை முளைகட்டி, காயவைத்து, மால்ட்டாக்கிக் காய்ச்சுகிறார்கள். லேபிளில் அரிசி என்று போட்டிருந்தாலும் பெரும்பாலும் பார்லியும் கூடவே இருக்கும். நொதி சேர்த்துக் குளுட்டனை உடைத்த பார்லி பீர்களும் விற்பனைக்கு உண்டு. ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இல்லாவிட்டால் 'குளுட்டன் இல்லாதது' என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தின் கணக்கு. ஆனால் நொதித்த பானத்தில் உடைந்து கிடக்கும் புரதத் துண்டுகளைச் சோதனையில் சரியாக அளப்பது கடினம். அதனால் நான் அந்தப் பக்கம் போவதில்லை. சோளத்திலோ தினையிலோ காய்ச்சிய பீர் பாதுகாப்பானது. கிடைத்தால் வாங்கலாம், பர்ஸ் அனுமதித்தால்.

ஆப்பிள் சைடர் எளிதாகக் கிடைக்கிறது. இரண்டாவது கிளாஸில் திகட்டிவிடும். திராட்சை ஒயினில் பிரச்சினை இல்லை. வடித்தெடுத்த மதுவிலும் புரதம் ஆவியோடு ஏறி வருவதில்லை. பிறகு சேர்க்கும் சுவையூட்டிகளை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். என் வீட்டு முறை இது: ஜின், சோடா, இரண்டு லீமாவ் கஸ்தூரியின் சாறு, ஓர் அசாம் போய். பத்து நிமிடம் ஊறினால் உப்பும் புளிப்பும் இறங்கி, பினாங்கு வெயிலுக்கென்றே செய்தது போலிருக்கும். சீனர்களின் ஷாவ்சிங் அரிசி ஒயினை நம்பாதீர்கள், அதை நொதிக்க வைப்பதே கோதுமைதான். சரவாக்கின் துவாக்கை வாங்கும்போது ராகி எதில் செய்தது என்று கேளுங்கள். நம் கேழ்வரகு அல்ல, மலாயில் ராகி என்றால் நொதிக்க வைக்கும் மாவுருண்டை.

இத்தனையும் தேடிய பிறகுதான் ஒரு தோழி சொன்னாள்: "ஏன்டி, கள்ளு இருக்கே?"

படகேறி செபராங் பிறைக்குப் போனோம். கடைக்கார அண்ணன் முதலில் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"எப்ப எறக்குனதுண்ணே?"

"காலையில. பொங்குது பாரு. சாயங்காலம் வந்தீன்னா புளிச்சிடும்."

"மாவு, ஈஸ்ட்டு ஏதாச்சும் சேப்பீங்களா?"

"கள்ளுக்கு எதுக்கு தங்கச்சி ஈஸ்ட்டு?"

உண்மைதான். தென்னம்பாளையைச் சீவிக் கலயம் கட்டினால், சொட்டும் பாலில் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் தானாகவே வேலையைத் தொடங்கிவிடும். தானியமே இதில் கிடையாது. வெள்ளையாக, நுரைத்து, இனிப்பும் புளிப்புமாக, கிட்டத்தட்ட பீர் அளவு போதையோடு இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு லேபிள் படிக்காமல் குடித்தேன்.

பாட்டியிடம் மறைக்கவில்லை. கெடா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். "கோதும ஆகாதுன்னா கஞ்சி குடி. கள்ளு எதுக்கு?"

"ஒரு கிளாஸ்தான் பாட்டி."

"உங்க தாத்தாவும் ஒரு கிளாஸ்லதான் ஆரம்பிச்சாரு."

அந்தக் கோபம் அவருடையது மட்டுமல்ல. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்த காலம் அது. காலையில் உழைத்த கூலி மாலையில் அங்கே போய்ச் சேர்ந்தது. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கை. 1947-இல் கெடாவின் பீடோங் பக்கம் ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. கள்ளு போன இடத்தில் மலிவுச் சம்சு வந்தது. 2018-இல் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மது பல உயிர்களைக் குடித்தது.

அதனால் 'நம் பாரம்பரிய பானம்' என்று கிளாஸைத் தூக்கிப் படம் போட எனக்குக் கை வருவதில்லை. பாட்டி சொல்வதைக் கேட்டு விட்டுவிடவும் இல்லை. என் சம்பளம் என் வங்கிக் கணக்கில் வருகிறது. கடை என் வீட்டு வாசலில் இல்லை, ஒரு படகுப் பயணத்துக்கு அப்பால் இருக்கிறது. தாத்தாவுக்கு இந்த இரண்டும் வாய்க்கவில்லை. மாதம் ஒருமுறை போகிறேன், பகலில், ஒரு கிளாஸ். பாட்டி இருக்கும் வீட்டுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு போவதில்லை.