பேனை, மை, கடதாசி

மைப்பேனைகளைத் தேடிச் சேர்க்கும் பழக்கம் என்னைப் பற்றிக்கொண்டு பல ஆண்டுகளாகின்றன. அந்தப் பழக்கமுடைய பலரையும் போல நானும் முதலிற் பேனையிலேயே மனத்தைச் செலவிட்டு, பின்னர்க் கடதாசியின் குணாகுணங்களை ஆராயத் தலைப்பட்டு, கடைசியாகவே மையினிடம் வந்து சேர்ந்தேன். வந்து சேர்ந்த பின்னரே, மையிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கிற்று.

பேனையைப் பற்றி நான் சொல்லக்கூடியது சிறிதே. எங்கள் தகப்பன்மார் காலத்திற் சட்டைப்பையில் மினுங்கிய சீனத்து ஹீரோப் பேனை இன்றும் நல்ல பேனைதான். ஆந்திர தேசத்து ராஜமந்திரியில் 1932ஆம் ஆண்டிலே தொழில் தொடங்கிய ரத்னம் போன்றோர், கடினப்படுத்திய இரப்பரைக் கடைந்து செய்யும் எபனைட் பேனைகள் கைக்கு இன்னும் இதமானவை. ஆயினும், இவ்வகைப் பேனைகளிற் சொட்டுக்குழாயால் மையை உடலினுள்ளே நேராக நிரப்புவதனால், பாதி மை தீர்ந்தவுடன் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்ட காற்றானது கைச்சூட்டால் விரிந்து, எதிர்பாராத வேளையில் ஒரு பெருந்துளியைத் தாளில் இறக்கிவிடும். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் இந்த அநுபவம் எனக்குப் பலமுறை நேர்ந்திருக்கிறது. சோளகம் வீசும் மாதங்களிலோ, மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு வாக்கியத்தை யோசித்து முடிப்பதற்குள் நிப்பு காய்ந்து போகும். தமிழெழுதுவோருக்கு மேலும் ஒரு விஷயம் உண்டு. பருமனான நிப்பினால் ஆங்கிலம் எழுதினால் எழுத்து அழகு பெறுகிறது. அதே நிப்பினால் ‘ணை’ என்று எழுதினால் சுழிகளெல்லாம் நிரம்பி ஒரு கருங்குவியலாகிவிடுகிறது. நம் எழுத்துக்கு மெல்லிய நிப்பே உகந்தது என்பது என் தீர்ந்த அபிப்பிராயம்.

சுழி நிரம்புவதில் கடதாசிக்கும் பங்குண்டு. தாளின் நார்கள் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல மையை இழுக்கின்றன. அதனைத் தடுப்பதற்காகவே ஆலைகளில் மரப்பிசினும் படிக்காரமும் சேர்த்துத் தாளுக்குப் பசையேற்றுகிறார்கள். பசை குறைந்த கொப்பியில் எந்த உயர்ந்த பேனையும் தோற்றுப்போகும். ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்து முயற்சியின் பயனாக 1950களில் வாழைச்சேனையில் எழுந்த கடதாசி ஆலை, வைக்கோலைக் கூழாக்கித் தாள் செய்தது. வைக்கோலைக் கூழாக்க எரிசோடா வேண்டும். அந்த எரிசோடா நம் பக்கத்திலேயே பரந்தனில் உப்பிலிருந்து உற்பத்தியாயிற்று. அப்படியிருந்த தேசத்திலேதான், 1990இல் வடக்கின் மேற் பொருளாதாரத் தடை விழுந்த பின்னர், கோடிட்ட கொப்பித் தாளிற் பத்திரிகை அச்சாகி வந்ததை நாங்கள் வாசித்தோம். நீலக் கோடுகளுக்கு மேலே ஓடிய அந்தச் செய்திகளைக் கண்ட கண்ணுக்கு, வெறுந்தாள் ஒன்றைப் பார்த்தால் இன்றும் அதனை வீணாக்க மனம் வராது.

நிற்க. மையின் பக்கம் என்னைத் திருப்பியது எங்கள் வீட்டு றங்குப்பெட்டி. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமமே எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்த அந்த மழை இரவில், எங்கள் வீட்டார் எடுத்துக்கொண்டு போனவற்றுள் அந்தப் பெட்டியும் ஒன்று. நாவற்குழிப் பாலத்தைக் கடந்து சாவகச்சேரியில் ஓரிடத்தில் ஒதுங்கிப் பெட்டியைத் திறந்தபோது, உள்ளே தண்ணீர் புகுந்திருந்தது. கொழும்பிலே எழுதுவினைஞராயிருந்த சித்தப்பா பல ஆண்டுகளாக எழுதிய கடிதங்கள் அனைத்தும், நீலம் கரைந்து, எழுத்தென்ற அடையாளமே இல்லாத வெளிர்நீலத் தாள்களாகிவிட்டன. அவற்றின் கீழே அதே தண்ணீரில் ஊறிக்கிடந்த பாட்டனாரின் காணி உறுதியில் மட்டும் ஓர் எழுத்துக்கூட அசையவில்லை. கறுப்பு மங்கித் துருநிறமாயிருந்ததே தவிர, எல்லையும் பரப்பும் சாட்சிகளின் கையொப்பமும் அப்படியே இருந்தன. அன்று நான் சிறுவன். இரண்டும் மைதானே, ஒன்று போக மற்றது நின்றதேன் என்ற வினா மட்டும் மனத்தின் ஓரத்தில் நெடுங்காலம் கிடந்தது.

பேனைப் பித்து ஏறிய பின்னரே அதற்கு விடை தேடினேன். சித்தப்பாவின் மை நீரிற் கரைந்த வெறுஞ்சாயம். நீர் மறுபடி வந்ததும் அதனோடு போயிற்று. காணி உறுதியை எழுதிய நொத்தாரிசின் மையோ இரும்பினாலானது. துவர்ப்புள்ள காயின் சாறும் அன்னபேதியும் சேரும்போது உண்டாகும் மை, எழுதும் வேளையில் வெளிறியிருந்து, நாருக்குள் இறங்கிக் காற்றுப்பட்ட பிறகே கறுத்து, நீரிற் கரையாத பொருளாக மாறிவிடுகிறது. எழுதும்போதே கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக, 1830களில் லண்டன் நகரத்து ஹென்றி ஸ்டீபன்ஸ் என்பவர் இவ்வகை மையில் நீலத்தையும் சேர்த்து விற்றார். நீலமாய் எழுதிக் கறுப்பாய் முடிவதனாலேயே அதற்கு நீலக்கறுப்பு என்று பெயர்.

வாசித்தது போதாதென்று செய்தும் பார்த்தேன். மேல்நாட்டார் மூன்று பங்கு மாசிக்காய்க்கு ஒரு பங்கு அன்னபேதி என்பார்கள். நான் மருந்துச் சரக்குக் கடையிற் கடுக்காயே வாங்கி, இடித்து, ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து, வேட்டித்துணியில் வடித்தேன். வடித்த நீர் தேயிலைச்சாயத்தின் நிறத்திலிருந்தது. பச்சைக் கற்கண்டு போன்ற அன்னபேதியைக் கரைத்து அதில் விட்ட மாத்திரத்தில், கோப்பையின் நடுவிலிருந்து ஒரு கருமேகம் எழுந்து விளிம்பு வரை பரவிற்று. வேலம்பிசின் சிறிது கலந்து, தொட்டெழுதும் பேனையால் என் பெயரை எழுதினேன். முதலிற் சாம்பல் நிறமாயிருந்தது, ஒரு மணித்தியாலத்துக்குள் நன்றாகக் கறுத்தது. மறுநாள் அந்தத் தாளைக் கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்தேன், பெயர் போகவில்லை. இந்த வீட்டு மையை மைப்பேனைக்குள் விடுபவர்கள் பேனையை இழப்பார்கள்; வண்டல் அடைத்துவிடும், அன்னபேதி மிகுந்தால் தாளையும் காலப்போக்கில் அரித்துவிடும். பேனைக்கென்று அளவாய்ச் செய்த இரும்பு மைகள் விற்பனைக்கு உண்டு. பெலிக்கான் 4001 வரிசையின் நீலக்கறுப்பு அவற்றுள் ஒன்று. நான் இப்போது கடிதம் எழுதுவது அதனாலேயே.

இவ்வளவில் தேடல் முடிந்திருக்க வேண்டியது. ஆனால் கடைக்குப் போகுமுன் ஒரு துண்டிலே ‘பேனை, மை, கடதாசி’ என்று குறித்தபோது, அந்த மூன்று சொற்களே என்னைத் தடுத்து நிறுத்தின. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றி 1658 வரை ஆண்டனர். அவர்கள் இறகை ‘பேனா’ என்றார்கள். இறகைச் சீவி எழுதிய காலத்தில் வந்த அந்தப் பெயர், இறகு போய் எபனைட் வந்த பின்னும் நம்மிடம் பேனையாகவே இருக்கிறது. அவர்களுடைய ‘கார்த்தாஸ்’ என்ற சொல்லின் வழியிலே கடதாசி வந்தது. காணிப் பதிவேடான தோம்பும் அவர்கள் சொல்லே. பின்வந்த ஒல்லாந்தர் கந்தோரையும் நொத்தாரிசையும் தந்தார்கள். எழுத்துத் தொழிலின் உபகரணங்களும் உத்தியோகங்களும் இவ்வாறு பிறமொழிப் பெயரோடு கப்பலேறி வந்திருக்க, மை மட்டும் நம் பெயரோடு நின்றதெப்படி? மைக்கும் அவர்களிடம் பெயர் இல்லாமலில்லை. ‘திந்தா’ என்ற அச்சொல்லைச் சிங்களவர் ‘தீந்த’ என்று எடுத்து, எழுதும் மைக்கும் வழங்குகிறார்கள். நாமும் அதனைத் ‘தீந்தை’ என்று எடுத்தோம். எடுத்துச் சுவருக்கும் கதவுக்கும் பூசுவதற்கு அதனை வைத்துக்கொண்டோம்.

இதனை நூல்களில் தேடிக் களைத்திருந்த நாட்களில், வட்டுக்கோட்டையிலுள்ள பெரியம்மாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அவர் சிறிதும் யோசிக்கவில்லை. “தம்பி, மையை ஆர் கொண்டுவந்து தரவேணும்? கண்ணுக்குப் பூசிறதும் மைதான், ஏட்டுக்குப் பூசிறதும் மைதான். விளக்கு இருந்த வீட்டிலை மை இருந்தது” என்றார்.

சொன்னதோடு நில்லாமல், தம் தகப்பனாரின் சாதகவோலையை எடுத்து வந்தார். மேலோலை வெறுமையாகவே எனக்குத் தோன்றிற்று. சாய்த்துப் பிடித்தபோதுதான் எழுத்தாணி கீறிய தடம் மயிரிழைபோலத் தெரிந்தது. பெரியம்மா விளக்கை ஏற்றி, ஒரு பழைய வெண்கல மூடியைச் சுடரின்மேல் கவிழ்த்துப் பிடித்து, அதில் படிந்த கரியை ஆமணக்கெண்ணெயிற் குழைத்தார். ஏடு தொடங்கும் பிள்ளைக்கு முற்காலத்தில் ஓலையில் மை தடவிக் கொடுத்ததற்கு மையாடல் என்று பெயரிருந்ததும், மஞ்சளும் ஊமத்தைச் சாறும் மாவிலைக்கரியும் அந்த மையிற் சேர்ந்ததும் நான் வாசித்தறிந்தவை. விரலால் தடவும் விதத்தை அன்றுதான் பார்த்தேன். ஓலை முழுவதையும் அவர் கறுப்பாக்கியபோது என் நெஞ்சு பதறிற்று. பிறகு பழந்துணியால் ஒரே இழுப்பாகத் துடைத்தார். மேற்பரப்பிலிருந்த கரி துணியோடு போக, கீறலுக்குள் இறங்கிய கரி நின்றது. இராசிச் சக்கரமும், வருஷமும், நாளும் நாழிகையும் வரிவரியாக எழும்பி வந்தன. தகப்பனாரின் பெயர் வந்த இடத்தைப் பெரியம்மா வாய்விட்டு வாசித்து, கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார்.

பின்பு இருவரும் கிணற்றடிக்குப் போய்ச் சவுக்காரம் போட்டுக் கைகழுவினோம். என் விரலில் கடுக்காய்க் கறை அப்படியே இருந்தது. அவருடைய நகக்கண்ணில் விளக்குக்கரி இருந்தது.