எண் 1, எண் 54, எண் 68

ஒசாகாவில் எனக்கு அது முதல் குளிர்காலம். ஜனவரியில் ஒரு நாள் காலை எழுந்தபோது பிடரியில் பலகை வைத்துக் கட்டியதுபோல் இறுக்கம். எத்தனை போர்வை போர்த்தினாலும் எலும்புக்குள் நடுக்கம். தெருமுனையில் இருந்த சிறிய கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்தார், தொண்டையைப் பார்த்தார், காய்ச்சலைக் குறித்துக்கொண்டார். பிறகு இரண்டு கேள்விகள் கேட்டார். "கழுத்தும் முதுகும் இறுகியிருக்கிறதா?" "வியர்க்கிறதா?" இறுகியிருக்கிறது என்றேன், வியர்க்கவில்லை என்றேன். எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் அந்த இரண்டு பதில்களையும் சொல்ல முடிந்ததே அன்றைக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மருந்துக் கடையில் காய்ச்சல் மாத்திரையோடு வெள்ளி நிறப் பொட்டலங்களையும் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் பெரிதாகக் கஷாயத்தின் எண் 1 என்று அச்சிட்டிருந்தது. வீட்டில் வெந்நீரில் கரைத்தேன். முதலில் பட்டை வாசம், அடுத்து இஞ்சி, கடைசியில் அடிநாக்கைப் பிடித்துக்கொண்டு விடாத ஒரு தித்திப்பு. அது அதிமதுரம் என்று உடனே தெரிந்துவிட்டது. சளி பிடித்தால் எங்கள் ஆச்சி பாளையங்கோட்டை வீட்டில் வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்லித் தரும் குச்சியின் ருசி அது. அந்தத் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பொட்டலத்தின் பெயர் கக்கொன்-தோ. 'தோ' என்றால் வெந்நீர், கஷாயம், சீனத்தில் 'தாங்'. 'கக்கொன்' என்பது குட்ஸு என்ற கொடியின் வேர். சீனாவிலிருந்து வந்து ஜப்பானில் வேர்விட்ட இந்த வைத்தியத்துக்குக் கம்ப்போ என்று பெயர். டாக்டர் கேட்ட இரண்டு கேள்விகளும் அவர் சொந்தக் கேள்விகள் அல்ல என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கிட்டத்தட்ட 1,800 ஆண்டுகளுக்கு முன், ஹான் பேரரசு சிதைந்துகொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்ட 'ஷாங்ஹான் லுன்' என்ற நூலில் அவை இருக்கின்றன. பிடரியும் முதுகும் இறுகி, வியர்வை இல்லாமல், காற்றுப் பட்டாலே கூசினால் இந்தக் கஷாயம். அதே காய்ச்சலில் வியர்வை இருந்தால் வேறு கஷாயம்.

அதை எழுதியவர் ஜாங் ஜோங்ஜிங், இன்றைய ஹெனான் மாகாணத்து நான்யாங் ஊர்க்காரர். ஏன் எழுதினேன் என்பதை முன்னுரையிலேயே சொல்லியிருக்கிறார். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் கொண்ட அவருடைய குலத்தில், பத்தாண்டுகூட ஆகாத காலத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கு பேர் மாண்டார்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேரைக் கொண்டுபோனது காய்ச்சல். அத்தனை சொந்தங்களைப் பறிகொடுத்த ஒரு மனிதர் உட்கார்ந்து ஒவ்வொரு மருந்துக்கும் எடை எழுதியிருக்கிறார். மூலப்பிரதி சிதறிப்போனது. பின்வந்தவர்கள் சேர்த்துத் தொகுத்தார்கள்; சோங் அரசு 1065இல் அதைச் சரிபார்த்து அச்சுக்குக் கொண்டுவந்தது.

எடைதான் என்னை வியக்க வைக்கிறது. என் பொட்டலத்தின் விவரச் சீட்டில் ஒரு நாள் அளவாகக் குட்ஸு வேர் 4 கிராம், எபெட்ரா என்ற செடியின் தண்டு 3 கிராம், பட்டை, பியோனி வேர், அதிமதுரம் ஆகியவை தலா 2 கிராம் என்று போட்டிருக்கும். பழைய நூலில் அதே ஐந்துக்கும் 4 லியாங், 3 லியாங், பிறகு தலா 2 லியாங். அலகு மாறியிருக்கிறது, விகிதம் மாறவில்லை.

விகிதம் மாறினால் மருந்தே மாறிவிடும். பட்டை, பியோனி வேர், அதிமதுரம், இஞ்சி, சீன இலந்தை ஐந்தும் சேர்ந்தால் கெய்ஷி-தோ. வியர்வையோடு வரும் லேசான காய்ச்சலுக்கு உரியது. அதில் பியோனி வேரை மட்டும் இரட்டிப்பாக்கினால் காய்ச்சலை விட்டுவிட்டு வயிற்றுவலிக்குப் போய்விடுகிறது. அதன்மேல் மாவுச்சத்திலிருந்து எடுத்த இனிப்புப் பாகைச் சேர்த்தால் ஷோகென்ச்சு-தோ: அடிக்கடி வயிறு வலிக்கிறது என்று அழும் நோஞ்சான் குழந்தைகளுக்கு இன்றும் கொடுக்கிறார்கள். இந்த மூன்றையும் புரிந்துகொண்ட பிறகு, எந்த நோய்க்கு எந்த மூலிகை என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன். மூலிகைகள் ஒன்றோடொன்று எப்படிச் சேருகின்றன என்பதில்தான் இந்த வைத்தியம் இருக்கிறது.

கெய்ஷி-தோ குடித்த சற்று நேரத்தில் சூடாக நீர்க்கஞ்சி குடித்துப் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும் என்றும் அந்த நூல் சொல்கிறது. மெல்ல வியர்க்க வேண்டும், கொட்டக் கூடாது. வியர்த்துக் குணம் தெரிந்தால் மீதி மருந்தைக் குடிக்கக் கூடாது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் மருந்தின் பகுதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. கஞ்சி குடித்துக் கம்பளிக்குள் வியர்த்துக் கிடந்த என் சிறுவயதுக் காய்ச்சல்கள் நினைவுக்கு வந்தன.

ஒசாகாவில் தோஷோமாச்சி என்று ஒரு தெரு இருக்கிறது. தோகுகாவா ஷோகுன்களின் ஆட்சி 1722இல் இங்கே 124 மருந்து வணிகர்களுக்கு உரிமம் கொடுத்தது. வெளிநாட்டு மருந்துச் சரக்கு இவர்கள் கையில் தரம் பார்க்கப்பட்டு நாடெங்கும் போனது. இன்றும் மருந்து நிறுவனங்களின் பெயர்ப் பலகைகள் வரிசையாகத் தெரியும். கட்டடங்களின் இடுக்கில் சுகுனாஹிகோனா கோயில். அங்கே ஜப்பானிய மருத்துவத் தெய்வத்தோடு சீனத்து ஷென்னோங்கும் குடியிருக்கிறார். மூலிகைகளைத் தானே தின்று பார்த்து மனிதருக்குச் சொன்னதாகக் கதையுள்ள தேவ அரசர். 1822இல் ஊரில் காலரா வந்தபோது வணிகர்கள் புலித் தலையோடு சேர்த்து மாத்திரை உருட்டி, கூடவே காகிதக் கூழ்ப் புலிப் பொம்மையும் கொடுத்தார்களாம். நவம்பர் 22, 23 திருவிழாவில் மூங்கில் கிளையில் கட்டிய அந்தப் புலியை இப்போதும் வாங்கலாம். என் அடுக்களையில் ஒன்று தொங்குகிறது.

இந்தத் தெருவைவிடப் பழைய மருந்து உறவு ஒன்று நாரா நகரில் இருக்கிறது. 756இல் பேரரசி கோம்யோ அங்குள்ள தோதாய்ஜி கோயில் புத்தருக்குக் காணிக்கையாக 60 வகை மருந்துச் சரக்குகளைக் கொடுத்து, நோயாளிகளுக்குத் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிவைத்தார். கோயிலின் ஷோசோயின் களஞ்சியத்தில் அந்தப் பட்டியல் இன்னும் இருக்கிறது, சரக்கு வகைகளிலும் பெரும்பாலானவை இருக்கின்றன. பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தபோது மிளகு, திப்பிலி, கடுக்காய் மூன்றும் கண்ணில் பட்டன. திப்பிலிக்கு அதில் உள்ள பெயரே 'பிப்பலி' என்ற இந்தியச் சொல்லின் சீன ஒலி. நான் வருவதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகள் முன்பே என் அஞ்சறைப் பெட்டிச் சரக்கு இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஜப்பான் மேற்கைப் பார்த்து மாறிய மெய்ஜி காலத்தில் கம்ப்போ ஏறக்குறைய அழிந்தது. மேற்கத்திய மருத்துவம் படித்துத் தேறியவருக்கு மட்டுமே உரிமம் என்று அரசு விதித்தது. கம்ப்போ வைத்தியர்கள் தொடர வழி கேட்ட மசோதா 1895இல் நாடாளுமன்றத்தில் தோற்றது. பிடிவாதமான சிலர் நூல்களைக் காப்பாற்றினார்கள். 1976இல் பல கஷாயங்கள் ஒரேயடியாகத் தேசியக் காப்பீட்டுக்குள் வந்தன. இன்று 148 கஷாய வகைகளுக்குக் காப்பீடு உண்டு. இங்கே கம்ப்போவுக்குத் தனி மருத்துவப் பட்டம் கிடையாது. வயிற்று அறுவை முடிந்து குடல் அசையாமல் கிடக்கும் நோயாளிக்கு, சுக்கும் ஜின்செங்கும் சான்ஷோ மிளகும் சேர்ந்த எண் 100ஐ எழுதிக்கொடுப்பவர் அந்த அறுவையைச் செய்த சர்ஜனாகவே இருக்கலாம். சித்த மருத்துவருக்கும் அலோபதி மருத்துவருக்கும் நடுவே மதில் எழுப்பிவைத்திருக்கும் ஊரிலிருந்து வந்தவளுக்கு இது பெரிய காட்சி.

எதிர் வீட்டம்மா தன் மாமியாரை ஏழு ஆண்டுகள் வீட்டில் வைத்துப் பார்த்தார். மாமியாருக்கு மறதி நோய். மாலையானால் கத்துவார், தட்டை வீசுவார். டாக்டர் எண் 54 கொடுத்தார், யொகுகன்-சான். பதினாறாம் நூற்றாண்டு மிங் காலத்துக் குழந்தை மருத்துவ நூலில் இருந்து வந்தது அது. இரவில் அலறி அழும், பல்லைக் கடிக்கும் குழந்தைகளுக்காக எழுதப்பட்டது. அதைக் குழந்தையோடு தாயும் சேர்ந்து குடிக்க வேண்டும் என்பது குறிப்பு. தாயின் பதற்றம் குழந்தைக்கும் உண்டு என்று அந்த வைத்தியருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நாள் டாக்டர் எதிர் வீட்டம்மாவையே உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்களும் குடியுங்கள்" என்றாராம். இதைச் சொல்லும்போது அவர் அழுதார். மருந்து வேலை செய்ததா என்று நான் கேட்கவில்லை. மறதி நோயில் எண் 54ஐச் சோதித்த ஆய்வுகள் எல்லாம் ஒரே விடையைச் சொல்லவில்லை. ஆனால் ஏழு ஆண்டில் "உங்களுக்கு எப்படி இருக்கிறது" என்று அவரைக் கேட்டது அந்தப் பொட்டலம் ஒன்றுதான்.

பழைய நூலில் இருப்பதாலேயே மருந்து சாது என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கல்லீரல் அழற்சி என்ற பெயரைப் பார்த்த மாத்திரத்தில், ஆளைப் பார்க்காமல், ஷோசைகோ-தோ என்ற கஷாயத்தை ஏராளமானவர்களுக்குக் கொடுத்த காலம் ஒன்று இங்கே இருந்தது. சிலருக்கு நுரையீரல் அழற்சி வந்து உயிர் போனது. 1996இல் அரசு அவசர எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. வியர்க்கிறதா என்று கேட்பதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த மரணங்கள் சாட்சி.

எனக்கும் அடி விழுந்தது. நாற்பத்தாறு வயதில் இரவுகளில் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. அதற்கு எண் 68: பியோனி வேரும் அதிமதுரமும் மட்டும். பத்து நிமிடத்தில் கால் இளகிவிடும். வலிக்கும்போது மட்டும் குடிக்க வேண்டியதை நான் இரண்டு மாதம் மூன்று வேளையும் குடித்தேன். போதாததற்கு ஊரிலிருந்து அம்மா அனுப்பிய அதிமதுரத்தைத் தேநீரில் போட்டுக் கொதிக்க வைத்தேன். கால் வீங்கியது, ரத்த அழுத்தம் ஏறியது, படியேற முடியாமல் தொடை துவண்டது. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் தரையில் கிடந்தது. எண் 68இல் மட்டும் ஒரு நாளைக்கு 6 கிராம் அதிமதுரம். அது மிகுந்தால் உடல் உப்பைப் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே விட்டுவிடும்.

மருந்துக் கடைப் பெண் என் மருந்துக் குறிப்பேட்டைத் திறந்தாள். இங்கே அநேகமாக எல்லோரிடமும் அப்படி ஒன்று இருக்கும். எந்த டாக்டர் எதைக் கொடுத்தாலும் அதில் ஏறும். "வீட்டில் குடித்ததையும் எழுத வேண்டும். எத்தனை கிராம்?"

"ஒரு விரல் நீளம்."

"யாருடைய விரல்?"

அவள் உண்மையாகவே கேட்டாள். அன்று இரவு அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஆச்சி விரல்தான் கணக்கு, என் விரலெல்லாம் இல்லட்டி" என்றாள் அம்மா. ஆச்சி போய்ப் பதினோரு ஆண்டாகிறது. பிள்ளை பெற்ற எங்கள் எல்லோருக்கும் அவள் கிண்டிக் கொடுத்த லேகியத்தில் என்னென்ன இருந்தது என்பதில் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் இன்றுவரை ஒத்துவரவில்லை. சுக்கு, திப்பிலி, கருப்பட்டி, நல்லெண்ணெய் வரைக்கும் இருவரும் ஒன்றாக வருகிறார்கள். அதற்கப்புறம் பெரியம்மா ஓமம் என்கிறாள், அம்மா இல்லை என்கிறாள்.

மறுநாள் சமையல் தராசில் குச்சிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். மெலிந்தது 3 கிராம், தடித்தது 7. அதைச் சொன்னதும் அந்தப் பெண் தன் எழுத்தில் 'அதிமதுரம், தாய்வீட்டு அளவு, 3 முதல் 7 கிராம், நிறுத்தப்பட்டது' என்று எழுதித் தேதி போட்டாள்.