நெஞ்சு படபடத்தது நிஜம்தான்

1984-ம் வருஷம். நாங்கள் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்துக்குக் குடிபோய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. இவர் சம்பளம் வாடகைக்கும் கார் தவணைக்கும் ஊருக்கு அனுப்பவுமே சரியாக இருக்கும். பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், "நானும் ஏதாவது வேலைக்குப் போறேங்க" என்றேன். பக்கத்திலேயே ஒரு பெரிய கடையில் கல்லாவுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். மணிக்கு 3 டாலர் 35 சென்ட். அன்றைய குறைந்தபட்சக் கூலி அதுதான்.

மேனேஜர் நன்றாகத்தான் பேசினார். கடைசியில், "ஒரு சோதனை பாக்கி இருக்கிறது" என்று வேறொரு கட்டடத்துக்கு அனுப்பினார். ரத்தப் பரிசோதனையாக்கும் என்று போனால், பொய் கண்டுபிடிக்கிற மிஷின்! கொலைக் கேஸில்தான் இதெல்லாம் என்று நினைத்திருந்தேன். அந்த நாளில் அங்கே கடைச் சிப்பந்திகளுக்கும் இது சர்வசாதாரணம்.

மூச்சை அளக்க மார்பிலும் வயிற்றிலும் ரப்பர் குழாய். புஜத்தில், டாக்டர் பிரஷர் பார்க்கக் கட்டுவாரே, அதே பட்டை. விரல்களில் வியர்வை பார்க்க உலோகத் தகடு. காகிதச் சுருள் ஓட ஓட, பேனா முனைகள் கோடு இழுத்துக்கொண்டே போயின.

பெயர் என்ன, இன்று புதன்கிழமையா என்று ஆரம்பித்தார். அப்புறம், "உடல்நிலை பற்றி எதையாவது மறைக்கிறீர்களா?"

எனக்கு அப்போது நாள் தள்ளிப்போய் இரண்டு மாதம். மூன்று முடியட்டும் என்று அம்மாவுக்குக்கூடக் கடிதம் போடவில்லை. முன்பின் தெரியாத ஆண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? "இல்லை" என்றேன். நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. அது அடங்குவதற்குள் அடுத்த கேள்வி: "பிறர் பணத்தைத் திருடியிருக்கிறீர்களா?"

பேனா துள்ளியதாம். "பணத்தில்தான் ஏதோ இருக்கிறது, சொல்லிவிடுங்கள்" என்று நயமாக, திரும்பத் திரும்பக் கேட்டார். காய்கறிக்காரரிடம் பத்துப் பைசா கூடுதலாக வந்தால்கூட ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வரும் வீட்டில் வளர்ந்தவள் நான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கவனித்தீர்களா, நான் உண்மையாகவே மறைத்த விஷயத்தை அவர் விட்டுவிட்டார். நிஜத்தைச் சொன்ன இடத்தில் பிடித்துக்கொண்டார்! வேலை கிடைக்கவில்லை.

கர்ப்ப காலத்தில் இதயம் வழக்கத்தைவிட வேகமாகத் துடிக்கும். ரத்தசோகை இருந்தாலும், தைராய்டு கூடினாலும், வெறும் பயத்திலும் அப்படித்தான். மிஷினுக்குத் தெரிவது துடிப்பு மட்டும்; காரணத்தை ஊகிப்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள். வேலைக்கு ஆள் எடுக்க இதை நம்புவதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் காங்கிரஸின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் 1983-லேயே சொல்லியிருந்ததைப் பின்னால்தான் படித்தேன். சோவியத்துக்கு ரகசியம் விற்ற சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1986-லும் 1991-லும் இந்தச் சோதனையில் தேறியவர்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இவரிடம் நான் விஷயத்தைச் சொல்லவில்லை. "வேற ஆள் எடுத்துட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டேன். திருடி என்று எழுதி வைத்திருப்பார்களோ என்று ராத்திரியில் விழிப்பு வரும். வயிற்றில் பிள்ளையோடு எத்தனை நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தேன்! பெண் நல்லபடியாகப் பிறந்தாள்.

1988 ஜூனில் ஜனாதிபதி ரீகன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பெரும்பாலான தனியார் முதலாளிகள் வேலை கேட்டு வருபவர்களை இப்படிச் சோதிக்கக்கூடாது என்று அந்த வருஷம் டிசம்பரில் அது அமலுக்கு வந்தது. அரசாங்க வேலைகளுக்கு மட்டும் அது பொருந்தாது. கடையில் நிஜமாகவே திருட்டுப் போனால், கட்டுப்பாடுகளோடு கேட்கலாம். (நம் ஊரில், விசாரணையில்கூடச் சம்மதமில்லாமல் செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் தீர்ப்புச் சொன்னது.)

இவர் அந்தச் சேதியைப் பேப்பரில் வாசித்துக் காட்டினபோது தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆள் எடுத்துட்டாங்கன்னுதானே சொன்னே?"

"ஆமாங்க. பொய்தான் சொன்னேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எந்தக் கடை?" என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் அங்கே நாங்கள் ஒரு பாக்கெட் ரொட்டிகூட வாங்கியதில்லை.