தட்டளவு துண்டு

சகோதரிகளே, பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறா ஆக்கிக் கொடுத்தால் பால் ஊறும் என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் பேச்சு. என் தங்கை குழந்தை பெற்று உம்மா வீட்டில் இருந்த நாட்களில், உம்மா என்னைச் சந்தைக்கு அனுப்பினார்.

"பால் சுறாவாப் பார்த்து வாங்கிட்டு வா மகன். சரக்குக் கறி ஆக்கணும்."

வாங்கி வந்தேன். பொதியைப் பிரித்தவர் ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்தார். "பால் சுறாவே என் கை நீளம்தான். அதுல தட்டளவு துண்டு எப்பிடி வரும்?"

வருடக்கணக்காகக் கிதாபு ஓதிக்கொடுக்கும் எனக்கு இந்தச் சின்னக் கணக்கு ஓடவில்லை. விற்றவர் பால் சுறா என்றார், நம்பிவிட்டேன்.

சுறா என்றால் ஒரே மீன் என்று நினைக்கிறோம். உலகில் 500-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தண்ணீர். பால் சுறா கரையை விட்டு அதிகம் விலகாது; மணலும் சேறுமான ஆழங்குறைந்த இடமே அதற்குப் பிடித்தம். செட்டை நுனி கறுத்த சுறா முருகைக்கற் பார்களைச் சுற்றித் திரியும். கல்பிட்டிக்கு அப்பால் 1992-இல் சரணாலயமாக்கப்பட்ட பார் அத்தகைய இடம். கொம்பன் சுறா குட்டிப் பருவத்தைக் கரையோரம் கழித்து, வளர்ந்தபின் வெளிக்கடலுக்குப் போகும். உடம்பளவு நீண்ட வாலுள்ள சுறாவோ ஆழ்கடல்வாசி. அதைப் பிடிப்பது இலங்கையில் 2012 முதல் தடை. புல் ஷார்க் என்பது உப்பு நீரிலும் நன்னீரிலும் வாழும். தைகிரீஸ் ஆற்றில் பக்தாத் வரை ஏறியதாகப் பதிவுண்டு. (அரபியில் சுறாவுக்குக் 'கிர்ஷ்' என்று பெயர். குறைஷ் என்ற கோத்திரப் பெயரே அதிலிருந்து வந்தது என்போரும் உளர்.)

இதெல்லாம் சமையலறைக்கு எதற்கு என்கிறீர்களா? சுறாவின் இரத்தத்திலும் தசையிலும் யூரியா உண்டு. கடலின் உப்பைத் தாங்க அதுதான் உதவுகிறது. செத்தபின் அதுவே அமோனியாவாகி மூக்கைத் துளைக்கும். மஞ்சளும் புளியும் போட்டு நன்றாகக் கழுவினால் அந்த நெடி குறைந்துவிடும். குறையாதது பாதரசம். கடலில் சேரும் பாதரசம் சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறி, பல ஆண்டு வாழ்ந்து வேட்டையாடும் பெருஞ்சுறாவின் தசையில் தேங்கிவிடுகிறது. கழுவினாலும் பொரித்தாலும் அது போகாது. தாய் உண்டால் பாலிலும் ஓரளவு கலக்கும். வளரும் மூளைக்குத்தான் அதனால் கேடு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறு பிள்ளைகளும் சுறா உண்ண வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004-இல் அறிவித்தது. சிறியது பெரியது என்று அது பிரிக்கவில்லை. ஆனால் மீன் பெரிதாகவும் முதியதாகவும் ஆக, பாதரசமும் கூடும். பால் ஊறுவதோ, குழந்தை அடிக்கடி வாய் வைத்துக் குடிப்பதால்தான் என்கிறார்கள் மருத்துவர்கள்.

உம்மா கேட்டு முடித்துவிட்டு, "எங்களுக்கெல்லாம் அதுதானே தந்தாங்க" என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து, கலா ஓயா கடலோடு சேரும் பக்கம், கண்டல் காட்டோரத்துத் தோணியடிக்குப் போனேன்.

"மௌலவி, அசல் பால் சுறா" என்று ஒரு மீனவர் முழங்கை நீளத்தில் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். புரட்டிப் பார்த்தேன். முன்செட்டைகளுக்கு நடுவே ஆறாத சிறு கீறல்.

"தொப்புள்தான். பொறந்து கன நாளில்ல."

பால் சுறா முட்டையிடுவதில்லை. வயிற்றில் நஞ்சுக்கொடி வழியாகவே குட்டிக்கு ஊட்டமளித்து, ஆழங்குறைந்த கரைநீரில் வந்து ஈனும். குட்டி முதலில் வளருமிடமும் அதுதான். நம் வலைகள் விழுமிடமும் அதுதான்.

சூடை மீன் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தத் தொப்புளைப் பற்றி உம்மாவிடம் சொன்னேன். அவர் மடியில் மருமகள் உறங்கிக்கொண்டிருந்தாள். அன்று காலையில்தான் அவளுக்குக் கொடி விழுந்திருந்தது. உம்மா பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, சூடையைக் கழுவப் போனார்.